சீட்டைச் சூடாக்க ஒரு சுவிட்ச்

"சீட்டைச் சூடு பண்றதுக்குன்னு ஒரு சுவிட்சா?"

இதைக் கேட்டுவிட்டு எங்கள் அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அடங்க ரொம்ப நேரம் ஆனது. சிரிக்க மாட்டாரா பின்னே? சித்திரை மாதம் மத்தியான வெயிலில் கடமலைக்குண்டு கடைவீதியில் நிறுத்தி வைத்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியும். ரெக்சின் சீட்டு தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடக்கும். ஈரத்துண்டை விரித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த எனக்கு, சீட்டைச் சூடாக்கும் சுவிட்சைப் பற்றி யோசித்து ஒரு ராத்திரி தூக்கம் போனது என்றால் நம்புவீர்களா? போனது.

விஷயம் இதுதான். எங்கள் பெரியப்பா மகன், அதாவது எனக்கு அண்ணன், கனடாவில் டொராண்டோ பக்கம் வேலையில் இருக்கிறார். போன வருடம் ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே இரண்டு சீட்டு, மேற்கூரையை மடித்து வைத்துக்கொள்ளலாம். "ரெண்டு பேர் போறதுக்கு ஒரு வண்டியா, அதுல பின்னாடி ஆள் ஏத்த முடியாதா?" என்று அப்பா அதற்கும் சிரித்தார்.

அந்தக் காரில் சீட்டுக்குச் சூடு உண்டு. அண்ணன் பக்கத்துச் சீட்டு நன்றாக வேலை செய்கிறது. பக்கத்தில் உட்காருபவர் சீட்டு மட்டும் சூடாகவில்லை. குளிர்காலத்துக்குப் பெரியம்மா அங்கே போவதாக ஏற்பாடு. பெரியம்மாவுக்கு மூட்டுவலி. அதனால் அவர் வருவதற்குள் அதைச் சரி செய்துவிட வேண்டும் என்று அண்ணனுக்கு ஒரே அவசரம். இணையத்தில் தேடி, புது மாடல் பொத்தான் சுவிட்ச் ஒன்றை வாங்கிவிட்டார். அழுத்தினால் நீல விளக்கு எரியுமாம், பார்க்கவும் ஜோராக இருக்குமாம். "தம்பி, நீதான் பாலிடெக்னிக்கில ட்ரிபிள் ஈ படிக்கிறியே. பழசைக் கழட்டிட்டு இதை மாட்டிரலாம்ல?" என்று வீடியோ காலில் கேட்டார்.

"மாட்டிரலாம்ணே" என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. காரணம், எங்கள் ஜீப்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தேனி மாவட்டம், ஆண்டிபட்டி தாலுகா. வருசநாட்டு மலைக்குப் போகிற வழியில், மூல வைகை ஆற்றை ஒட்டி இருக்கிறது கடமலைக்குண்டு. மயிலாடும்பாறை, வருசநாடு தாண்டி மேலே போகப் போக ரோடு தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் கல்லும் மண்ணும்தான் மிஞ்சும். அங்கேயெல்லாம் ஏறி இறங்குவது ஜீப்தான். ஆள், தேங்காய், முந்திரி, இலவங்காய் என்று எதைச் சொன்னாலும் ஏற்றுவோம். அப்பாவுக்கு இருபது வருடமாக அந்த ஒரே வண்டிதான் பிழைப்பு.

மூன்று வருடத்துக்கு முன் நான் பாலிடெக்னிக்கில் முதல் வருடம் சேர்ந்த புதிது. "ஹெட்லைட் வெளிச்சம் பத்தலடா, மேட்டுல ஏறும்போது பள்ளம் எது, நெழல் எதுன்னு தெரிய மாட்டேங்குது" என்று அப்பா ஒருநாள் சொன்னார். படிப்பைக் காட்ட எனக்கு நல்ல சமயம் வாய்த்தது. தேனிக்குப் போய் இரண்டு பல்ப் வாங்கி வந்தேன். பழைய பல்ப் 60/55 வாட். நான் வாங்கியது 100/90. மாட்டிப் போட்டதும் தெருவே பட்டப்பகல் மாதிரி ஆனது. "பரவால்லடா" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். எனக்கு ஒரு வாரம் கால் தரையில் படவில்லை!

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, இலவங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு அப்பா ராத்திரி மேலேயிருந்து இறங்கி வந்திருக்கிறார். மூட்டைக்கு மேலே நாலு பேர். ஒரு வளைவில் திரும்பும்போது இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஓடை. இருபது வருடப் பழக்கம் இருந்ததால் வளைவு எங்கே முடிகிறது என்று மனக்கணக்கில் தெரிந்து பிரேக்கை மிதித்து நிறுத்தியிருக்கிறார். டேஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக் கருகிய வாடை. அப்புறம் ஒருவர் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, அவர் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்த அப்பா என்னைத் திட்டவில்லை. "லைட்டு போயிருச்சுடா, என்னன்னு பாரு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

காலையில் சுவிட்சைக் கழற்றினேன். பின்பக்கம் உருகி, கம்பி மாட்டும் முனை கருகிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு தேனியில் எங்கள் வண்டிக்கு வயரிங் பார்க்கும் அண்ணனிடம் போனேன். அவர் பத்தாவதுகூட முடிக்காதவர். சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பல்ப் மாத்துனியே, ஆம்பியர் கணக்குப் போட்டியா?"

போடவில்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் போட்டிருப்பேன். வாட்டை வோல்ட்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதானே? பழைய பல்ப் இரண்டும் பிரைட்டில் எரியும்போது 120 வாட், பேட்டரி 12 வோல்ட், ஆகப் பத்து ஆம்பியர். புது பல்ப் இரண்டும் 200 வாட், கிட்டத்தட்ட பதினேழு ஆம்பியர். ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தானே, போகட்டும் என்று விட முடியாது. ஒரு முனையில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்குத் தக்கபடி ஏறும். அப்படிப் பார்த்தால் சூடு இரண்டே முக்கால் மடங்கு. அந்த மொத்தச் சூட்டையும் தாங்கியது கட்டைவிரல் அளவு சுவிட்சும், இருபது வருடப் பழைய கம்பியும். எத்தனை நாளைக்குத் தாங்கும்? (தவிர, இந்த மாதிரி அதிக வாட் பல்புகளை ரோட்டில் ஓட்டும் வண்டியில் போடவே கூடாது. எதிரே வருபவர் கண் கூசும். எனக்கு அதுவும் அப்போது உறைக்கவில்லை.)

அந்த அண்ணன் செய்தது சின்ன வேலைதான். பழைய 60/55 பல்பையே திரும்ப மாட்டச் சொன்னார். பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்து நல்ல தடித்த கம்பி இழுத்தார். நடுவில் ரிலே வைத்தார். ரிலே என்பது சுவிட்சுக்குப் பதிலாகப் பாரம் சுமக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கும். டேஷ்போர்டு சுவிட்சைத் தட்டினால் அந்தச் சுருளுக்கு மட்டும் கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் போகும். சுருள் காந்தமாகி, 'டிக்' என்ற சத்தத்தோடு பெரிய முனைகளைச் சேர்க்கும். பல்புக்கான பத்து ஆம்பியர் அந்தப் பெரிய முனைகள் வழியாகப் போய்விடும். சுவிட்சுக்கு வேலை, உத்தரவு போடுவது மட்டும்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அதே பழைய பல்ப் முன்பைவிட நன்றாக எரிந்தது! முதலில் வெளிச்சம் பத்தாமல் போனதற்குக் காரணம் பல்ப் இல்லை. பழைய சுவிட்சிலும் மெல்லிய கம்பியிலும் வோல்ட்டேஜ் வீணாகிப் பல்புக்குக் குறைவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நோய் ஒரு இடத்தில், நான் மருந்து போட்டது இன்னொரு இடத்தில்.

சரி, கனடாவுக்கு வருவோம்.

முதலில் சீட்டுச் சூடு எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். நம் ஊரில் இதற்குத் தேவை இல்லாவிட்டாலும் குளிர் நாடுகளில் இது பழைய சங்கதி. 1966-லேயே அமெரிக்காவில் காடிலாக் கார்களில் கூடுதல் காசு கொடுத்தால் கிடைத்திருக்கிறது. 1972-ல் ஸ்வீடனின் சாப் கம்பெனி டிரைவர் சீட்டுக்கு இதைக் காரோடு சேர்த்தே கொடுத்தது. கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு இது இன்னும் உபயோகம். ஹீட்டரின் வெந்நிறக் காற்றெல்லாம் திறந்த கூரை வழியாகப் பறந்துவிடும், உடம்பை ஒட்டியிருக்கும் சீட்டின் சூடு மட்டும் நிற்கும். நமக்கோ எதிர்மாறு. 2017-ல் ஹூண்டாய் வெர்னா குளிர்காற்று வரும் சீட்டோடு இந்தியாவில் வந்தபோது எல்லோரும் அதைத்தானே வாயைப் பிளந்து பார்த்தோம்?

சீட்டு உறைக்குக் கீழே மெல்லிய விரிப்பு ஒன்று இருக்கும். அதில் சூடாகும் கம்பியோ கார்பன் இழையோ ஓடும். உட்காரும் இடத்தில் ஒன்று, முதுகில் ஒன்று என்று இரண்டு விரிப்பு. சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை வெட்டிவிட உள்ளே ஒரு தெர்மோஸ்டாட்டோ உணர்கருவியோ உண்டு. பழைய கார்கள் சிலவற்றில் 'ஹை', 'லோ' என்று இரண்டு நிலை வருவது அழகான கணக்கு. 'ஹை'யில் இரண்டு விரிப்பும் பக்க இணைப்பில் இருக்கும். 'லோ'வில் அதே இரண்டும் தொடர் இணைப்பாகிவிடும். ஒவ்வொன்றும் 40 வாட் என்று வைத்துக்கொண்டால், 'ஹை'யில் மொத்தம் 80 வாட், 'லோ'வில் 20 வாட்தான். நாலில் ஒரு பங்கு. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் படித்த அதே கணக்கு! இந்த மாற்றத்தைச் செய்வது அந்தச் சுவிட்சேதான். முழு மின்சாரமும் அதன் வயிற்றுக்குள் போகிறது.

புதிய கார்களில் இந்தப் பொத்தான் எதையும் சுமப்பதில்லை. அழுத்தினால் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டருக்குச் சைகை போகும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். அதனால்தான் 2022-ல் பி.எம்.டபிள்யூ சில நாடுகளில் சீட்டுச் சூட்டுக்கு மாதச் சந்தா கேட்க முடிந்தது. காரில் கம்பி இருக்கும், விரிப்பு இருக்கும், பணம் கட்டினால்தான் பொத்தான் வேலை செய்யும். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 2023-ல் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அவர்களே அறிவித்தார்கள்.

அண்ணன் வாங்கி வைத்திருந்த நீல விளக்குச் சுவிட்ச் இந்தப் புதிய ஜாதி. அவர் கார் பழைய ஜாதி. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஓட்டையிலும் கச்சிதமாக உட்காரும். பின்னால் இருக்கும் கம்பிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அது பாட்டுக்கு மின்சாரத்தை அனுப்பும்.

"அண்ணே, மாட்டாதீங்க. முதல்ல ரெண்டு சோதனை பண்ணுங்க" என்றேன்.

முதல் சோதனை: நன்றாக இருக்கும் டிரைவர் பக்கச் சுவிட்சைக் கழற்றி, வேலை செய்யாத பக்கத்து இணைப்பில் செருகிப் பார்ப்பது. செருகினார். பக்கத்துச் சீட்டு சூடானது. ஆக, விரிப்பு நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் கோளாறு. விரிப்பே அறுந்திருந்தால் எத்தனை சுவிட்ச் மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. (சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் கை வைக்கவே வேண்டாம் என்றும் சொன்னேன். அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது.)

இரண்டாவது சோதனை: பியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீட்டரை வைத்து, 'ஹை'யில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்ப்பது. ஏழுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. நீலச் சுவிட்சின் முதுகைப் பார்க்கச் சொன்னேன். ஒரு ஆம்பியர்கூட அதில் எழுதியிருக்கவில்லை, மில்லி ஆம்பியரில்தான் இருந்தது.

"ஜீப்புக்கு வச்ச மாதிரி இதுக்கும் ஒரு ரிலே வச்சுட்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வைக்கலாம். ஆனால் ஒரு ரிலே வைத்தால் போடுவதும் அணைப்பதும் மட்டும்தான் நடக்கும். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று மாற்றும் வேலை போய்விடும். அதாவது 'லோ' கிடையாது, எப்போதும் 'ஹை'தான்.

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. பெரியம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் இல்லை, பதினைந்து வருடமாகச் சர்க்கரையும் உண்டு. ஒருமுறை எங்கள் வீட்டு அடுப்படியில் தணல் ஒன்று தெறித்துக் குதிகாலில் ஒட்டியதே அவருக்குத் தெரியவில்லை. வாடை வந்து அம்மா பார்த்துத்தான் தட்டிவிட்டார். கால் மரத்துப் போனவர்களுக்குச் சீட்டுச் சூடு ஆபத்து என்று படித்திருந்தேன். சுடுவது தெரியாமல் உட்கார்ந்தே இருந்து, தோல் வெந்து போனவர்கள் உண்டு. இதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2011-ல் அமெரிக்காவில் பாதுகாப்பு ஆர்வலர்கள் அரசிடம் முறையிட்டிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு வேண்டியதே அந்த 'லோ'தான். அதைத் தூக்கிவிட்டு நீல விளக்கை வைத்து என்ன செய்ய?

அன்று ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வராதது. கருகிய ஜீப் சுவிட்ச் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் அண்ணன் பழைய சுவிட்சைப் பிரித்துப் படம் அனுப்பினார். உள்ளே பிசுபிசுவென்று ஏதோ காய்ந்து கிடந்தது. முன்னால் வைத்திருந்தவர் காப்பியோ குளிர்பானமோ ஊற்றியிருக்கிறார் போல! முனைகள் கறுத்து, ஒன்று பாதி தேய்ந்திருந்தது. சுத்தம் செய்து பலனில்லை. அதே மாடல் சுவிட்சாகப் பழைய கார் பாகங்கள் விற்கும் இடத்தில் தேடி வாங்கச் சொன்னேன். நீலச் சுவிட்சைவிட விலை அதிகம் என்று முனகினார். ஆனாலும் வாங்கினார். மாட்டியதும் 'ஹை' வந்தது, 'லோ'வும் வந்தது. நீலச் சுவிட்ச் அவர் மேஜை டிராயரில் தூங்குகிறது.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

பெரியம்மா போய்ச் சேர்ந்த மறுவாரம் போன். "சுவிட்செல்லாம் சரி தம்பி, ஆனா அம்மாவுக்குச் சூடே ஏறலையாம். ஹையில வச்சுப் பாத்துட்டேன், அப்பவும் தெரியலங்கிறாங்க" என்றார் அண்ணன். எனக்குத் திக்கென்றது. மரத்துப்போன காலுக்குத் தெரியவில்லையா, நிஜமாகவே சூடு இல்லையா? கேமராவைச் சீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னேன்.

பார்த்தால், சீட்டின் மேல் ஒரு திண்டு! கடமலைக்குண்டிலிருந்து பெட்டிக்குள் அமுக்கி எடுத்துப் போன இலவம்பஞ்சுத் திண்டு. "அந்தச் சீட்டு பள்ளமா இருக்குடா, அதான் போட்டுக்கிட்டேன்" என்கிறார் பெரியம்மா, ஒன்றும் நடக்காதது மாதிரி.

இலவம்பஞ்சைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்று அடைத்த குழாய். அதனால்தான் அவ்வளவு லேசு, அதனால்தான் சூட்டையும் குளிரையும் எளிதில் கடத்தாது. மேலே உட்கார்ந்த பெரியம்மாவுக்குச் சூடு போகவில்லை. கீழே இருந்த விரிப்பின் சூட்டுக்கு வெளியே போக வழியில்லை. சூடு வரும் சீட்டின் மேல் மெத்தை, கம்பளி எதையும் போடாதீர்கள் என்று கார்க் கையேடுகளில் எழுதியிருப்பது இதற்குத்தான்.

திண்டை எடுக்கச் சொன்னேன். புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "ஆமாடா, கொதிக்குது" என்றார் அண்ணன். அன்றைக்கே மூன்று சட்டம் போட்டோம். திண்டு கிடையாது. 'லோ' மட்டும். பத்து நிமிடம் ஆனதும் அண்ணனே கை வைத்துப் பார்த்து அணைத்துவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா பேசினார். "மார்கழிக் குளிர்ல அடுப்படித் திண்ணையில ஒக்காந்த மாதிரி கதகதன்னு இருக்குடா" என்றார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா இந்த முறை சிரிக்கவில்லை. "சுவிட்சு சூடாகலல்ல?" என்று மட்டும் கேட்டார்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். எந்தச் சுவிட்சை மாற்றுவதானாலும் அது ஓட்டையில் பொருந்துகிறதா, பார்க்க அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் கடைசிக் கேள்வி. அதன் வழியாக எவ்வளவு ஓடுகிறது என்பது முதல் கேள்வி. அந்த மின்சாரம் போய்ச் சேரும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது இரண்டாவது கேள்வி. எங்கள் ஜீப்பில் நான் இரண்டையும் கேட்கவில்லை.

விடிகாலை நாலரை மணிக்கு அப்பா வண்டி எடுக்கும்போது இப்போதும் எனக்கு முழிப்பு வந்துவிடும். ஹெட்லைட் சுவிட்சைத் தட்டுவார். பானெட்டுக்குள்ளிருந்து ரிலே 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அதைக் கேட்ட பிறகுதான் திரும்பிப் படுப்பேன்.